வீட்டுக்கு அருகில் பேச்சு சிகிச்சை நிபுணரைக் கண்டறிவது எப்படி?

இரண்டரை வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்பது தெரிந்த பிறகும், தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் ஓராண்டு, ஈராண்டு வரை காத்திருந்துவிடுகின்றன. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வார். "ஸ்கூல்ல சேத்தா தானா வந்துடும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். நாக்கில் வசம்பு தடவச் சொல்வோரும் உண்டு. பக்கவாதம் வந்து பேச்சிழந்த பெரியவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கை, கால் அசைவுக்கு பிசியோதெரபி தேடி அலையும் குடும்பத்துக்கு, பேச்சை மீட்கவும் முறையான பயிற்சி இருக்கிறது என்று சொல்வதற்கு ஆளில்லாமல் போய்விடுகிறது. இந்தத் தாமதங்களுக்குப் பெரும்பாலும் அலட்சியத்தைக் குறை சொல்ல முடியாது. யாரிடம் போவது, அவர் தகுதியானவரா என்று எப்படி அறிவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாததால்தான் காலம் கடந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு சிகிச்சை என்பது ஒரு மாத்திரையைப் போலவோ, ஒரு அறுவை சிகிச்சையைப் போலவோ ஒரே முறையில் முடிந்துவிடுவதன்று. வாரக்கணக்கில், பல நேரங்களில் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. ஆகவே, மாதம் ஒரு முறை மட்டுமே போய்வர முடிகிற புகழ்பெற்ற மையத்தைவிட, வாரம் இரண்டு முறை போய்வரக்கூடிய தூரத்தில், பதிவு பெற்றவராக, வீட்டில் பேசும் மொழியிலேயே பயிற்சி தருபவராக, பெற்றோரையும் பயிற்றுவிப்பவராக ஒருவர் இருப்பாரானால், அவரே அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற நிபுணர். தேடலின் ஒவ்வொரு கட்டத்திலும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தேடத் தொடங்குவதற்கு முன்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் இவர்கள், பேச்சு வராத குழந்தைகளுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். திக்குவாய், உச்சரிப்புக் குறைபாடு, உதடு மற்றும் அண்ணப் பிளவு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பேச்சு, ஆட்டிசம், காது கேளாமை, ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வரும் குரல் கம்மல், பருவ வயது கடந்தும் உடையாத ஆண் குரல், பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சிழப்பு, பார்க்கின்சன் நோயாளிகளின் தணிந்த குரல், தொண்டைப் புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர்களின் மாற்றுப் பேச்சு ஆகிய அனைத்தும் இவர்களுடைய பணிக்குள் வருகின்றன. கஞ்சியோ தண்ணீரோ குடிக்கும்போது அடிக்கடி புரையேறும் நோயாளிக்கு விழுங்கும் பயிற்சி அளிப்பதும் இவர்களே. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. எந்தச் சிக்கலுக்காகத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டால்தான், அதில் பழக்கமுள்ளவரிடம் நம்மை அனுப்புவார்கள்.

எப்போது தேட வேண்டும் என்பதற்கும் ஓரளவு தெளிவான அளவுகோல்கள் உள்ளன. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வயதையொட்டிப் பொருளுள்ள ஒரு சொல்லாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்க வேண்டும். மூன்று வயதில் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் அதன் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். இவற்றில் ஒன்று தள்ளிப்போனாலும் ஒரு முறை காட்டிவிடுவதால் எந்த நட்டமும் இல்லை. ஆனால், முன்பு பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழக்கத் தொடங்கினால், அது எந்த வயதாக இருந்தாலும், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பேச்சு சிகிச்சைக்கு முன் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கதவு சாத்தும் சத்தத்துக்குக் குழந்தை திரும்பிப் பார்க்கிறது என்பதற்காகக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகள் கேட்டு, "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமலிருக்கும் குழந்தைகள் உண்டு. சிறு குழந்தைகளுக்கு, உள்காதின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ., ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா ஆகிய பரிசோதனைகளை ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணர் செய்வார். இந்த அறிக்கை இல்லாமலேயே பயிற்சியைத் தொடங்கலாம் என்று யாரேனும் சொன்னால், அவரிடமிருந்து விலகிவிடுவதே பாதுகாப்பு. அதேபோல, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மலுக்கு முதலில் இ.என்.டி. மருத்துவர் குரல்வளையைப் பார்த்த பிறகே குரல் பயிற்சி தொடங்கப்பட வேண்டும்.

எங்கே தேடுவது

பெரும்பாலோர் கூகுள் மேப்பில் தேடி, நட்சத்திரங்களை எண்ணி முடிவு செய்கிறார்கள். அது கடைசி வழியாக இருக்கட்டும். முதல் வழி, அரசு மருத்துவமனை. தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கப்பட்டபோது, பிறப்பிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதற்காக, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அதன் பகுதியாக வகுக்கப்பட்டன. இவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலோ இயங்குகின்றன. குழந்தைகள் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் ஆகியோருடன் செவி மற்றும் பேச்சு நிபுணரும் ஒரே இடத்தில் இருப்பதே இந்த மையங்களின் பலம். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழு, தேவைப்படும் குழந்தைகளை இந்த மையத்துக்குத்தான் அனுப்பும். அந்தக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேரடியாகவே போய்க் கேட்கலாம். நிபுணர் பணியிடம் சில மையங்களில் காலியாக இருப்பதுண்டு என்பதால், புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும்.

இரண்டாவது வழி, இந்தத் துறையில் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம்., வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பேச்சு, செவித்துறைகள் பயிற்சியகங்களுடன் இயங்குகின்றன. முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சு, செவிப் பிரிவு இருக்கிறது. கல்லூரிப் பயிற்சியகங்களில் மாணவர்கள்தாம் பெரும்பாலும் பயிற்சி தருவார்கள்; அனுபவமுள்ள ஆசிரியர் மேற்பார்வையிடுவார். "படிக்கிற பிள்ளைகளிடம் நம் குழந்தையை விடுவதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். என் எண்ணத்தில் அந்தத் தயக்கம் தேவையற்றது. ஒவ்வொரு அமர்வுக்கும் திட்டம் எழுதி, ஆசிரியரிடம் காட்டி, திருத்தம் வாங்கிய பிறகே மாணவர் உள்ளே வருகிறார். நெரிசல் மிகுந்த தனியார் மையத்தில் கிடைக்கும் அவசர அரை மணி நேரத்தைவிட இது பல நேரங்களில் கவனம் மிக்கது. பருவத்தேர்வுகளுக்கு ஏற்ப மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பது மட்டுமே குறை. குழப்பமான, சிக்கலான நிலைகளுக்கு 1965இல் நிறுவப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவி நிறுவனத்துக்கு ஒரு முறை சென்று விரிவான மதிப்பீடு பெற்று, அந்த அறிக்கையின்படி ஊரிலேயே பயிற்சியைத் தொடரும் குடும்பங்களும் உள்ளன. மதிப்பீட்டுக்குத் தொலைவு, பயிற்சிக்கு அருகாமை என்று பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு அறிவார்ந்தது.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் காட்டுவார்கள். அரசு நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் எந்தெந்த ஊர்களில் உள்ளன என்பதை அங்கே கேட்டறியலாம். பள்ளி வயதுக் குழந்தையாக இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அந்த வட்டாரத்தில் எந்த நிபுணரிடம் எந்தக் குழந்தை முன்னேறியது என்பதை அவரளவுக்கு நேரில் அறிந்தவர்கள் குறைவு. காத்திருப்பு அறைகளில் சந்திக்கும் பிற பெற்றோரின் அனுபவமும் அதே அளவு மதிப்புள்ளது.

தகுதியைச் சரிபார்ப்பது

இந்தியாவில் இத்தொழிலைச் செய்வோர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கவுன்சில், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சி.ஆர்.ஆர். எண் வழங்குகிறது. அந்த எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முறையாகப் படித்தவர்கள் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடினால் பதிவு உண்மையா என்பது தெரிந்துவிடும். இந்தப் பதிவு காலவரையறைக்கு உட்பட்டது என்பதால், இப்போதும் அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது செவி, பேச்சு–மொழித் துறையில், ஓராண்டுப் பயிற்சிப் பணியையும் சேர்த்து நான்காண்டு இளநிலைப் பட்டம். அதற்கு மேல் பேச்சு–மொழித் துறையில் முதுநிலைப் பட்டம் உண்டு. டி.எச்.எல்.எஸ். என்பது செவி, மொழி, பேச்சுத் துறையில் பட்டயப் படிப்பு; அதை முடித்தவர்கள் நிபுணரின் மேற்பார்வையில் பயிற்சி அளிக்கலாமே தவிர, தனியாக மதிப்பிட்டு நோயைக் கண்டறியும் பொறுப்பு அவர்களுடையது அன்று. சிறப்புக் கல்வி, உளவியல், ஆக்குபேஷனல் தெரபி ஆகியவை தனித்தனித் துறைகள். பல ஊர்களில் "சைல்ட் டெவலப்மென்ட் சென்டர்" என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால், சில வாரப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் பேச்சு சிகிச்சை அளிப்பது நடந்துகொண்டிருக்கிறது. மையத்தின் உரிமையாளர் பதிவு பெற்றவராக இருப்பது போதாது. நம் குழந்தையோடு அறைக்குள் உட்காருபவர் யார் என்பதே கேள்வி. அதை வெளிப்படையாகவே கேளுங்கள்.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

போகும்போது செவிப் பரிசோதனை அறிக்கை, பிரசவ விவரங்கள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றுடன், குழந்தை வீட்டில் இயல்பாக விளையாடும்போதும் சாப்பிடும்போதும் எடுத்த இரண்டு மூன்று சிறு காணொளிகளைச் செல்பேசியில் கொண்டுபோங்கள். புதிய இடத்தில் வாய் திறக்காத குழந்தை வீட்டில் எப்படித் தொடர்புகொள்கிறது என்பதை அவை சொல்லிவிடும்.

நல்ல மதிப்பீடு பத்து நிமிடத்தில் முடியாது. தரையில் அமர்ந்து விளையாடி, பெற்றோரிடம் நீண்ட நேரம் பேசி, குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது, எதைக் கேட்க எந்தச் சைகை செய்கிறது, எந்த ஒலிகள் வருகின்றன என்று பார்த்த பிறகே நிபுணர் ஒரு முடிவைச் சொல்வார். வேலை தெரிந்தவர் கையில் ஒரு சோப்புக் குமிழி டப்பா என்னவாகிறது என்று பாருங்கள். இரண்டு முறை குமிழி ஊதுவார். குழந்தை குதித்துக் குதித்து உடைக்கும். பிறகு மூடியை இறுகத் திருகி, டப்பாவைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் காத்திருப்பார். குழந்தை மூடியைத் திருகிப் பார்க்கும், முடியாமல் அம்மாவைப் பார்க்கும், பின்னர் டப்பாவை அவரிடமே நீட்டி "ம்" என்னும். அந்த "ம்"முக்கு உடனே "திற" என்ற ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு மூடியைத் திறப்பார். மாறாக, குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, படத்தைக் காட்டி, "ஆப்பிள் சொல்லு, சொன்னாத்தான் சாக்லேட்" என்று திரும்பத் திரும்பக் கேட்பது மட்டுமே நடக்கிறதென்றால், குழந்தை அந்தச் சொல்லை அந்த அறையில் மட்டும் ஒப்பிக்கக் கற்றுக்கொள்ளுமே அன்றி, வீட்டில் பசிக்கும்போது கேட்கக் கற்றுக்கொள்ளாது.

மொழியைப் பற்றிய கேள்வி தவறாமல் கேட்கப்பட வேண்டியது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு, பள்ளி ஆங்கில வழி என்பதற்காக, "இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டு மொழிகள் காதில் விழுவதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையோடு பேசச் சொல்வது, வீட்டின் உரையாடலையே வற்றச் செய்துவிடும். தெலுங்கோ, உருதோ, சௌராஷ்டிரமோ பேசும் வீட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். பயிற்சி எழுத்துத் தமிழில் இல்லாமல், வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே இருக்க வேண்டும். தமிழ் ஒலிகளின் இயல்பை அறிந்தவராக நிபுணர் இருப்பதும் முக்கியம். நான்கு வயதுக் குழந்தை "பழம்" என்பதைப் "பளம்" என்று சொன்னால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. "ழ" தாமதமாகக் கைகூடும் ஒலி, தென் மாவட்டங்களில் பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதே வயதில் "காக்கா" என்பது "தாத்தா" ஆகிறதென்றால் அது கவனிக்கப்பட வேண்டியது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தெரிந்தவரிடம் நம்பிக்கையோடு தொடரலாம்.

பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சில குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் அது தேவைப்படலாம் என்றாலும், அமர்வின் கடைசிப் பத்து நிமிடமாவது பெற்றோரை உள்ளே அழைத்து, இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் மட்டுமே நிபுணரிடம் இருக்கும் குழந்தை, மீதி நேரம் முழுவதும் குளிக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் வீட்டாரோடுதான் இருக்கிறது; சொற்கள் அங்கேதான் வேர்பிடிக்கும். மூன்று மாதங்களுக்கான இலக்கு என்ன, அதை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "நல்லா பேச வைக்கிறேன்" என்பது இலக்கு ஆகாது. "தனக்கு வேண்டியதைக் கேட்க இருபது சொற்களைத் தானாகப் பயன்படுத்துவான்" என்பதே இலக்கு.

ஒரு மாதத்தில் சரிசெய்துவிடுவோம் என்று உறுதி கூறுவோர், பதினைந்து நாளில் திக்குவாய்க்கு நிரந்தரத் தீர்வு என்று விளம்பரம் செய்வோர், ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைப்போர், ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வோர் ஆகியோரைத் தவிர்த்துவிடுங்கள். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று சொல்லப்படும்போதும் நிதானிக்க வேண்டும். அந்தச் சவ்வு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கக்கூடுமே தவிர, சொற்களே வராமல் இருப்பதற்குக் காரணம் ஆவதில்லை.

பெரியவர்களுக்காகத் தேடும்போது

பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையில் இருக்கும்போதே, நரம்பியல் மருத்துவரிடம் பேச்சு நிபுணருக்கான பரிந்துரையைக் கேட்டு வாங்குவது எளிது. வீட்டுக்கு வந்த பிறகு ஆள் தேடுவது கடினம். பேச்சிழந்தவர் பல நேரங்களில் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகச் சொல்லிவிடுவார், பழகிய பாடலைக்கூடப் பிசகாமல் பாடிவிடுவார். ஆனால் "தண்ணீர் வேண்டும்" என்று கேட்க அவருக்குச் சொல் கிடைக்காது. இதைக் கண்டு, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று வீட்டார் வருந்துவதுண்டு. மனப்பாடமான தொடர்கள் தப்பிப் பிழைப்பதும், தேவைக்கேற்பச் சொல்லைத் தேடி எடுக்கும் திறன் சேதமுறுவதும் இந்த நிலையின் இயல்பு. இதைக் குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்குபவரையே தேர்ந்தெடுங்கள். குழந்தைகளோடு மட்டும் பணிபுரியும் மையங்களே ஊர்களில் மிகுதி என்பதால், பெரியவர்களுக்குப் பயிற்சி அளித்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து பயிற்சி தருபவர் கிடைத்தால் அது பேருதவி.

செலவும் தொலைவும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்துள்ள 21 வகைகளில் ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஆகியவை அடங்கும். தகுதியுள்ளவர்கள் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டால், பிற உதவிகளைக் கேட்கும்போது அதுவே அடிப்படை ஆவணமாக இருக்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தொடர் தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு என்பதால், ஒவ்வொரு அமர்வுக்கும் பதிவு எண்ணுடன் கூடிய ரசீது வாங்கி வைக்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியை அறுவை சிகிச்சை மூலம் பொருத்துவதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. அதன் பின்னர் தொடரும் கேட்டல்–பேச்சுப் பயிற்சியே பலனைத் தீர்மானிக்கும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, பயிற்சி எந்த ஊரில், யாரிடம் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் யாரும் இல்லாத ஊர்களில், காணொளி வழிப் பயிற்சி நல்ல துணை. பெரியவர்களுக்கும் திக்குவாய் உள்ள இளைஞர்களுக்கும் இது நன்கு பயன்படுகிறது. சிறு குழந்தைகளைத் திரைக்கு முன் உட்கார வைப்பதில் பயனில்லை. அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை நிபுணர் திரையில் பார்த்து, அம்மாவுக்கு வழிகாட்டும் முறையே பொருத்தமானது. மாதம் ஒரு முறை நேரில் சென்று, இடைப்பட்ட வாரங்களில் இப்படித் தொடரலாம்.

நான்கு, ஐந்து மாதங்கள் ஒழுங்காகச் சென்றும், வீட்டுப் பயிற்சியைச் செய்தும் குறித்த இலக்குகளில் எந்த நகர்வும் தெரியவில்லை என்றால், அதை நிபுணரிடம் நேரடியாகப் பேசுங்கள். அவர் இலக்கை மாற்றுவார், படங்களும் சைகைகளும் கொண்ட மாற்றுத் தொடர்பு முறையைச் சேர்ப்பார், அல்லது வேறு பரிசோதனைக்கு அனுப்புவார். இவை எதுவும் நடக்காதபோது வேறொருவரிடம் மாறுவதில் தவறில்லை. மாறும்போது மதிப்பீட்டு அறிக்கை, இதுவரை எட்டிய இலக்குகள், பயன்படுத்திய முறைகள் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர் தொடக்கத்திலிருந்து மீண்டும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய நிலை இராது.